பூங்காவனத்தம்மாளின் தலையசைப்பு

"மேடம், பேச முடியாத ஆளுக்கு வலிக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டாக்டர் சபுரா கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"பேச முடிஞ்ச ஆளுக்கு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, அண்ணே?"

"அவங்களே சொல்லிடுவாங்களே."

"சொல்லிடுவாங்களா?"

குழாயை மூடினார். கையை உதறினார். போய்விட்டார்.

பிச்சாண்டி அங்கேயே நின்றார். ஒரு கேள்வியோடு வந்தவர் இப்போது இரண்டோடு நின்றார்.

இந்தப் பிச்சாண்டியும் டாக்டர்தான். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் பிரசவத்துக்கும் ஓடி ஓடியே மீசை நரைத்துப்போனவர். அதற்கப்புறம்தான் அரசு ஒதுக்கீட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துத் துறையில் மாணவராக வந்து சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்குப் பாடம் சொல்பவர் சபுரா. பிச்சாண்டி முதல் சம்பளம் வாங்கியபோது சபுரா ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை அண்ணே என்பார். வார்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

சபுராவிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. கேள்விதான் வரும். கேள்வியும் வராவிட்டால், எதையாவது செய்துவிட்டுப் போய்விடுவார். மற்ற மாணவர்கள் அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். பிச்சாண்டி விடவில்லை. அத்தனை வருஷம் அவர் சொன்னதை யாரும் திருப்பிக் கேட்காத ஊரில் இருந்துவிட்டு வந்தவர். திருப்பிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிய விருந்தாக இருந்தது.

ஆனால் இந்தத் தடவை கேள்வி சும்மா வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்து வந்தது.

அந்தக் கட்டிலில் பூங்காவனத்தம்மாள் படுத்திருந்தார்.

காதுகுத்து விருந்து ஒன்றுக்குப் போய்விட்டு, மகனின் பைக்கில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த அம்மா. மடியில் பாயசத் தூக்கு. ஊர் எல்லையில் புதிதாகப் போட்ட வேகத்தடைக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. மகனுக்குத் தெரியவில்லை. பைக் குதித்தது. அவன் விழவில்லை. அம்மா விழுந்தார்.

இடது பக்க விலா எலும்புகள் வரிசையாக முறிந்திருந்தன. நுரையீரலும் அடிபட்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, வென்டிலேட்டர்தான் அவருக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வந்த புதிதில் மோசமாகத்தான் இருந்தார். பிறகு நுரையீரல் தெளிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை சரி. எக்ஸ்ரே சரி. கண் திறக்கிறார், சொன்னது புரிகிறது. இனி மிஷினை எடுத்துவிடலாம் என்ற நிலை.

அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

மிஷினின் உதவியைக் குறைத்து, "நீங்களா மூச்சு விடுங்கம்மா" என்று சொல்லிப் பார்ப்பார்கள். அவர் விடுவார். குருவி தண்ணி குடிக்கிற மாதிரி, மேலாக, துளித் துளியாக. கொஞ்ச நேரத்தில் வேர்த்துவிடும், மிஷின் கத்தும். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் இதே கதை.

"வலியா இருக்குமோ?" என்று முதலில் கேட்டவர் பிச்சாண்டிதான்.

கேட்டதோடு விடவில்லை, பார்த்தும் வைத்தார். பேச முடியாத நோயாளிக்கு வலியை மதிப்பிடப் பாடத்தில் வழி உண்டு. நெற்றி சுருங்குகிறதா, பார். கை இறுகுகிறதா, பார். மிஷினோடு மல்லுக்கு நிற்கிறாரா, பார். பார்த்தார். நெற்றி வழுவழுவென்று இருந்தது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கத் துணியால் தளர்வாகக் கட்டியிருந்த கை, அசையாமல் கிடந்தது. மிஷினோடு சண்டை இல்லை. இந்த அம்மா மாதிரி அமைதியான நோயாளி வார்டிலேயே இல்லை என்று சிஸ்டர் லூர்து சொன்னார்.

அதுவும் போதாது என்று பிச்சாண்டி இன்னொன்றும் செய்தார். அந்த யோசனையில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

பூங்காவனத்தம்மாள் டாக்டர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். சிஸ்டர் கேட்டாலும் அப்படியே. ஆனால் மகன் வந்து "அம்மா" என்றால் கண் திறந்துவிடும். ஆகவே பிச்சாண்டி மகனையே கேட்கச் சொன்னார்.

மகன் பெயர் குணாளன். கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுகிறவன். மூங்கில் ஏறி ஏறிக் காய்த்துப்போன கையால் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, காதருகே கேட்பான்.

"அம்மா... வலிக்குதாம்மா?"

பூங்காவனத்தம்மாள் அவனைப் பார்ப்பார். தலையை மெதுவாக இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டுவார்.

இல்லை.

காலையில் கேட்டாலும் இல்லை. சாயங்காலம் கேட்டாலும் இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத இல்லை.

துறையின் தலைவரான சீஃப் தாமோதரனிடம் பிச்சாண்டி அப்படியே சொன்னார். "வலி இல்ல சார். மகனை விட்டே கேட்டுட்டேன்."

"அப்ப பலம் பத்தலய்யா" என்றார் சீஃப். "வலி மருந்தை நிறுத்திடு. அது வேற மூச்சை அமுக்கும். நாளைக்கும் தேறலேன்னா தொண்டையில ஓட்டை போட்டுடலாம். எத்தனை நாளைக்கு வாயில குழாயோட போட்டு வைக்கிறது? புண்ணாகும், சளி கட்டும்."

சீஃப் சொன்னது தப்பில்லை. அது பிச்சாண்டிக்கும் தெரியும். தொண்டையில் வழி செய்து குழாய் வைப்பது சில பேருக்கு உயிரையே காப்பாற்றும்.

ஆனால் இந்த அம்மாவுக்கு அது வேண்டித்தான் இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் அவருக்குத் தூக்கம் போனது. இந்த இடத்தில்தான் அவர் சபுராவிடம் போய்க் கேட்டார். சபுரா கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பிச்சாண்டி மறுபடி போனார்.

"மேடம், ஒரு யோசனை. நாடித் துடிப்பைப் பாக்கலாமா? வலிச்சா ஏறும்ல. அந்த அம்மாவுக்கு எப்பவும் ஏறித்தான் நிக்குது."

சபுரா பிச்சாண்டியின் மணிக்கட்டைப் பிடித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எங்க வலிக்குது, அண்ணே?"

"எனக்கா? ஒண்ணும் இல்லையே."

"இவ்வளவு வேகமா ஓடுதே."

"அது... மாடிப்படி ஏறி வந்தேன் மேடம். அப்புறம் உங்ககிட்ட பேசணுமே."

"ஓ" என்றார் சபுரா. கையை விட்டார்.

பிச்சாண்டி தன் மணிக்கட்டைத் தானே பார்த்துக்கொண்டார். பயமும் அதை ஓட்டும். காய்ச்சலும் ஓட்டும். மாடிப்படியும் ஓட்டும். சரி, நாடி போயிற்று.

"அப்ப முகம்தான் மேடம். முகத்துல ஒண்ணுமே இல்ல. பாருங்க, எவ்வளவு அமைதியா தூங்குறாங்க."

சபுரா ஜன்னலோரக் கட்டிலைத் தூரத்தில் இருந்தே பார்த்தார்.

"தூங்குறாங்களா, அசையாம இருக்காங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம், பாக்கிறதுக்கு?"

"பாக்கிறதுக்கு" என்றார் சபுரா.

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

பிச்சாண்டிக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. பின்னாலேயே போனார்.

"மேடம், இன்னிக்கு ஒரு வார்த்தை கூடுதலா குடுங்க. சாயங்காலம் அந்த அம்மா கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க."

சபுரா நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டது தெரிந்தது. பிறகு சொன்னார்.

"முகம், பாக்க வர்றவங்களுக்கு வச்சிருக்கிறது. நீங்க என்ன, பாக்க வந்தவரா?"

பிச்சாண்டி ஜன்னலோரக் கட்டிலுக்குத் திரும்பினார். ஸ்டூல் ஒன்றை இழுத்து, தலைமாட்டில் போடாமல் கால்மாட்டில் போட்டார்.

"என்ன சார், இடம் மாறி உக்காந்துட்டீங்க?" என்றார் சிஸ்டர் லூர்து.

"மேடம் முகத்தைப் பாக்காதேன்னுட்டாங்க சிஸ்டர்."

"வேற எதைப் பாப்பீங்க?"

"மிச்சம் இருக்கிறதை."

போர்வையைக் கணுக்கால் வரை விலக்கினார். வெடிப்பு விட்ட பாதங்கள். மெட்டி போட்ட தடம் வெளுத்திருந்தது. உள்ளே விடும்போது கழற்றிக் குணாளனிடம் கொடுத்திருப்பார்கள்.

பார்வையாளர் நேரம் வந்தது. கதவுக்கு வெளியே குணாளனின் குரல் கேட்டது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செருப்பை மாட்டுகிற சத்தம்.

பூங்காவனத்தம்மாளுக்கும் அது கேட்டது. எப்படித் தெரிந்தது என்றால், அவர் முகம் மாறியது. சுருக்கம் எடுக்கிற மாதிரி, இஸ்திரிப் பெட்டி ஓடுகிற மாதிரி, நெற்றி நேரானது. புருவம் நேரானது. கண் திறந்தது.

இத்தனை நாள் பிச்சாண்டி இந்த முகத்துக்குத்தான் வலி இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்.

குணாளன் வந்தான். குனிந்தான்.

"அம்மா, வலிக்குதாம்மா?"

தலை ஆடியது. இல்லை.

கால்மாட்டில் இருந்த பிச்சாண்டியின் கண்ணெதிரே, காலின் பத்து விரலும் உள்ளே மடங்கி இறுகின. மண்ணைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறுகிறவர் கால் மாதிரி. குணாளன் பேசிக்கொண்டிருந்த வரை அவை தளரவில்லை.

அவன் போனான். விரல்கள் தளர்ந்தன. கண் மூடியது.

பிச்சாண்டி எழுந்தார். ஸ்டூல் சாய்ந்தது.

சபுரா வார்டின் நடுவில் சீஃப் தாமோதரனோடு நின்றிருந்தார். ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தது. பிச்சாண்டி மெல்லப் பக்கத்தில் போய் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"மேடம், தலை இல்லேங்குது. காலு ஆமாங்குது. எதை நம்புறது?"

சபுரா சீஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறவில்லை. வலது காலை மட்டும் தூக்கி, பிச்சாண்டியின் இடது காலில் வைத்து, குதிகாலால் நன்றாக ஊன்றி மிதித்தார்.

பிச்சாண்டிக்கு அந்தக் காலில்தான் ஆணி. மலைப்பாதையில் நடந்து நடந்து வந்த ஆணி. வார்டில் எல்லோருக்கும் அது தெரியும். சபுராவுக்கும் தெரியும்.

"என்னய்யா முழிக்கிறே?" என்றார் சீஃப்.

"ஒண்ணும் இல்ல சார்."

சீஃப் அடுத்த கட்டிலுக்குப் போனார். சபுரா காலை எடுத்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"வலிச்சுதா, அண்ணே?"

"சேச்சே. இல்ல மேடம். பரவாயில்ல."

"கண்ணுல தண்ணி நிக்குது."

"ஏசி காத்து மேடம்."

"சரி" என்றார் சபுரா. சீஃபின் பின்னால் போய்விட்டார்.

இதற்குப் பதில் என்று பெயரா? பிச்சாண்டி ஒரு காலைத் தரையில் வைக்காமல் மருந்து அலமாரி வரை நொண்டிப் போனார். அங்கே சிஸ்டர் லூர்து மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயய்யோ, என்ன சார் ஆச்சு? வலிக்குதா?"

"உயிரே போயிடுச்சு சிஸ்டர்! ஆணிக்கால்னு தெரிஞ்சே மிதிச்சுட்டாங்க அந்த மேடம். இவங்க என்ன டாக்டரா, பொக்லைனா? இருங்க, கொஞ்சம் ஐஸ் இருந்தா..."

பிச்சாண்டியின் வாய் திறந்தபடி நின்றது.

"சார்?"

பிச்சாண்டி திரும்பி ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார்.

"சார், ஐஸ் கேட்டீங்களே."

"சிஸ்டர்" என்றார் பிச்சாண்டி. "இப்ப நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"உயிரே போயிடுச்சுன்னீங்க."

"அதுக்கு முன்னாடி மேடம்கிட்ட என்ன சொன்னேன்?"

"நான் எங்க சார் அங்க இருந்தேன்?"

பிச்சாண்டி ஐஸுக்கு நிற்கவில்லை.

கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். குணாளன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் மெட்டிகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல சார்."

"பசிக்காட்டியும் போய் ஒரு டீயாவது குடிச்சுட்டு வாங்க. கேட்டுக்கு வெளிய இருக்கிற கடை. இங்க உள்ள டீ நல்லா இருக்காது. மெதுவா வாங்க."

குணாளன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எழுந்து போனான்.

பிச்சாண்டி ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தார். பூங்காவனத்தம்மாள் கண்ணை மூடி, அசையாமல் கிடந்தார். பிச்சாண்டி அவர் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். எதுவும் கேட்கவில்லை. சொன்னார்.

"அம்மா, உங்க மகன் டீ குடிக்கப் போயிருக்கார். வெளிக் கடைக்கு. வர நேரம் ஆகும்."

கண் திறந்தது.

அது முதலில் பிச்சாண்டியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தது. கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்த பெஞ்சைப் பார்த்தது. பெஞ்ச் காலியாக இருந்தது.

அப்புறம் முகம் உடைந்தது.

அப்படி ஒரு முகத்தைப் பிச்சாண்டி பிரசவ வார்டில்தான் பார்த்திருக்கிறார். நெற்றி, புருவம், கன்னம் எல்லாம் ஒரே இடத்தில் கூடி இறுகின. மூடிய கண்ணின் இரண்டு ஓரத்திலும் நீர் இறங்கியது. குழாயைச் சுற்றி உதடு இழுத்தது. மார்பு தூக்கிப் போட்டது, மிஷின் கத்த ஆரம்பித்தது.

சிஸ்டர் லூர்து ஓடி வந்தார். "மிஷினோட சண்டை போடுறாங்க சார். தூக்க மருந்து ஏத்தவா?"

"வேண்டாம் சிஸ்டர். பேசிக்கிட்டு இருக்காங்க."

அவிழ்த்துவிட்ட கை எழுந்தது. குழாய்ப் பக்கம் போகவில்லை. பிச்சாண்டியின் கையைப் பிடித்தது. பிடித்து, இடது விலாப் பக்கம் கொண்டுபோனது. தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து மெல்ல, காற்றிலேயே, விலாவை ஒட்டிப் பின்முதுகு வரை அவர் கையை நடத்திச் சென்றது. திரும்பிக் கூட்டி வந்தது. இது வரை. இதிலிருந்து இது வரை.

"மூச்சை இழுத்தா?" என்று கேட்டார் பிச்சாண்டி.

பிடி இறுகியது.

"அதனாலதான் இழுக்கிறதில்லையா?"

பிடி விடவே இல்லை.

சீஃப் தாமோதரன் தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"சார், ஜன்னலோர அம்மாவுக்கு விலாவுக்கு மரத்துப்போற ஊசி போடலாமா? முதுகுப் பக்கமா, தசைக்கு அடியில. ஆளைத் தூங்க வைக்காது. விலாவை மட்டும் தூங்க வைக்கும். அப்புறம் ஒரு தடவை மிஷினைக் குறைச்சுப் பாத்துடலாம் சார்."

"வலியே இல்லேன்னு நீதானேய்யா சொன்னே?"

"ஆமா சார். நேத்து அவங்க மகன் கேட்டார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அவர் டீ குடிக்கப் போயிருக்கார்."

சீஃப் சப்பாத்தியைப் பிய்த்தபடி அவரைப் பார்த்தார். பிச்சாண்டி முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்ல சொல்லியாச்சு. சாயங்காலம் அஞ்சுக்குள்ள தேறினாத் தேறட்டும். தேறலேன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன் சார்."

"யாரு போடுறா ஊசி? சபுராவா?"

பிச்சாண்டி திரும்பிப் பார்த்தார். சபுரா கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அவங்க கை யாரு கையைப் பிடிச்சுதோ, அவர்தான்" என்றார் சபுரா.

ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூங்காவனத்தம்மாளிடம் பிச்சாண்டி என்ன செய்யப் போகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் கேட்டார், கண்ணால் சரி என்றார். நாலு பேராகச் சேர்ந்து, உடைந்த பக்கம் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். திருப்பும்போது, மூடிய கண்ணிலிருந்து மறுபடி நீர் வந்தது. இந்தத் தடவை அவர் அதை மறைக்கவில்லை. குணாளன் இன்னும் டீக்கடையில் இருந்தான்.

பிச்சாண்டி ஊசியை இறக்கினார். திரையில் தசைக்கு அடியில் மருந்து கருப்பாக விரிந்து இடம் பிடித்தது. சபுரா பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரே ஒரு தடவை, பிச்சாண்டியின் முழங்கையைத் துளி உயர்த்திவிட்டார்.

மருந்து வேலை செய்யக் காத்திருந்தார்கள்.

மிஷினின் உதவியைக் குறைத்தார்கள்.

பூங்காவனத்தம்மாள் பழக்கப்படி குருவி மூச்சு ஒன்று விட்டார். இன்னொன்று. மூன்றாவதை இழுக்கும்போது, பாதியில் நிற்கும் என்று அவரே எதிர்பார்த்த இடத்தில் அது நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கண் ஆச்சரியமாக விரிந்தது. பூட்டியிருக்கும் என்று தள்ளிய கதவு தானே திறந்துகொண்டால் ஒருவர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படி ஒரு தடுமாற்றம்.

அடுத்த மூச்சைத் துணிந்து இழுத்தார்.

சிஸ்டர் லூர்து சிலுவை போட்டுக்கொண்டார். பிச்சாண்டி மிஷினில் எண்களைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். விரல்கள் விரிந்து, காலாற உட்கார்ந்தவர் விரல்கள் மாதிரிக் கிடந்தன.

சீஃப் வந்தார். வெகுநேரம் பார்த்தார். இருமச் சொன்னார், அம்மா இருமினார். தலையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார்.

"எடுத்துடு" என்றார். தியேட்டருக்குப் போன் செய்யத் திரும்பிப் போனார்.

குழாயை எடுத்தார்கள். பூங்காவனத்தம்மாள் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார். பிறகு தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டையோடு, தலை ஒரு பக்கம் சாய்ந்து.

பிச்சாண்டி வெளியே வந்தார். அவருக்குள் ஒரு மகிழ்ச்சி, அதற்குக் கீழே ஒரு பயம். இந்தப் பையனிடம் என்ன சொல்வது? பைக்கை ஓட்டியவன் மனசு நோகக் கூடாதென்று அம்மா இத்தனை நாள் வலியை யாரிடமிருந்து மறைத்தாரோ, அவனிடமே போய் நாம் உடைப்பதா? அந்த அம்மா தன் கையைப் பிடித்துக் காட்டியது தனக்கு மட்டும்தானே.

குணாளன் பெஞ்சில் இருந்து எழுந்தான்.

"குழாய் எடுத்தாச்சு தம்பி. தானாவே மூச்சு விடுறாங்க. கழுத்துல ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்ப தூங்குறாங்க."

குணாளன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"முதுகுல ஊசி போட்டீங்களாமே சார். சிஸ்டர் சொன்னாங்க. வலிக்காகவா?"

பிச்சாண்டி ஒரு நொடி யோசித்தார்.

"இல்ல தம்பி. அது மூச்சுக்கு."

குணாளன் அவரையே பார்த்தான். அழுகையும் சிரிப்புமாக வாய் கோணியது.

"நீங்களும் எங்க அம்மா மாதிரியே சொல்றீங்க சார்."

பிச்சாண்டிக்கு முகம் சூடானது.

"வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும் சார். நல்லா இருக்கிறப்ப நான் இப்படிக் கேட்டேன்னா, போடா, போய் வேலையைப் பாருடான்னு ஒரு முறை முறைக்கும். இவ்வளவு பதவிசா தலையாட்டாது."

"தெரியுமா?" பிச்சாண்டியின் குரல் உயர்ந்துவிட்டது. "தெரிஞ்சா எங்ககிட்ட ஏன் தம்பி சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? இவ்வளவு மிஷின் வச்சிருக்கீங்க. அதுல எல்லாம் வந்துடும்னு நெனச்சேன். நீங்க என்னைக் கேக்கச் சொன்னதுகூட, அம்மாவுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்கன்னுதான் நெனச்சேன்."

உள்ளே வண்டி ஒன்று உருளும் சத்தம் கேட்டு அடங்கியது. சபுரா கதவைத் திறந்து வந்தவர், இருவரையும் பார்த்து, கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

பிச்சாண்டி இப்போது டாக்டராகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒன்றுக்காகவே கேட்டார்.

"இல்லேன்னுதான் சொல்வாங்கன்னு தெரியும். அது பொய்னும் தெரியும். அப்புறம் ஏன் தம்பி தினமும் அவ்வளவு அக்கறையா குனிஞ்சு குனிஞ்சு கேட்டீங்க?"

குணாளன் இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல அவரைப் பார்த்தான்.

"நான் கேக்கலேன்னா, அவங்க யாருகிட்ட சார் இல்லேன்னு சொல்லுவாங்க?"